தாசில்தாரைப் பற்றித் தாசில்தாரிடமே

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'தொடக்ககாலத் தாராளவாத அரசியல் சிந்தனை' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் மைத்துனர், "தாராளமா, யாருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழில் தாராளம் என்றால் கை தாராளம், மனசு தாராளம், பந்தியில் நெய் தாராளம். 1991-க்குப் பிறகு தாராளமயம் என்று ஒரு சொல் வந்தது. அதைக் கேட்டால் வெளிநாட்டுக் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மயிலாப்பூரில் தங்களை லிபரல் என்று சொல்லிக்கொண்டவர்களை மிதவாதிகள் என்று அழைத்தார்கள். மிதம் என்பது குணத்தைச் சொல்கிறதே தவிர, கொள்கையைச் சொல்லவில்லை. சொல் சரியாக அமையாததால் விஷயமும் நம்மிடம் கொஞ்சம் கலங்கியே இருக்கிறது. ஆகவே சொல்லை விட்டுவிட்டு ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். சாயங்காலம் அங்கே போகாதவர்கள் இந்த அவையில் குறைவு. அங்கே நிற்கிற வெள்ளைக் கட்டடம் யாருடையது என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுவீர்கள்: 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்குக்காரர் ஷ்மிட்டின் நினைவிடம். சரி, எலியட் யார்? இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கும் முன்பு அவர் பெயர்தான், எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இன்னும் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். ஆட்டோக்காரர் விழிக்கிறார்.

எட்வர்ட் பிரான்சிஸ் எலியட் சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட். போலீஸ் சூப்பரின்டெண்டும் அவரே. பிடிக்கிற கையும் விசாரிக்கிற வாயும் ஒரே ஆளிடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். 1854-ல் கம்பெனி அரசாங்கம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. எலியட் ஒருவர், ஸ்டோக்ஸ் என்ற அதிகாரி ஒருவர், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற வக்கீல் ஒருவர். சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. செய்கிறார்கள் என்றது.

எப்படிச் செய்தார்கள் என்பதை அறிக்கை மறைக்கவில்லை. கிஸ்தி கட்டாதவனை வெயிலில் நிறுத்துவது. சாப்பிடவோ ஒதுங்கவோ விடாமல் அடைத்து வைப்பது. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைத்து, முதுகில் கல் ஏற்றுவது. கிட்டி போடுவது. கிட்டி என்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலையோ தொடையையோ வைத்து நெரிப்பது. 'கிட்டி போட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டான்' என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஒரு காலத்தில் தாலுகா கச்சேரியில் நிஜமாகவே இருந்தது.

இந்த விவகாரம் லண்டன் வரைக்கும் போனதற்கு ஒரு வியாபாரி காரணம். கஜுலு லட்சுமிநரசு செட்டியார், 1806-ல் பிறந்தவர். துணி, அவுரி வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு 1844-ல் 'கிரெசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கம் ஏற்பட்டதும் அவரால்தான். காங்கிரஸ் பிறக்க இன்னும் முப்பத்துமூன்று வருஷம் இருந்தது. சங்கத்தின் முதல் பெரிய வேலை பாராளுமன்றத்துக்கு ஒரு மனு. 1853-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்க வரும்போது, இங்கே வரிச்சுமை இப்படி, கோர்ட்டு இப்படி என்று எழுதி அனுப்பினார்கள். டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்க வந்தபோது, செட்டியாரே அவரைக் கிராமம் கிராமமாக அழைத்துப் போனார். 1854 ஜூலையில் சித்திரவதைப் பேச்சு காமன்ஸ் சபையில் எழுந்தது. சில வாரங்களில் எலியட் குழு.

மனு எழுதியவர்களை நம்மில் சிலர் கேலி செய்வதுண்டு. விண்ணப்ப அரசியல், பிச்சை அரசியல் என்று. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. மனு எழுதுகிறவன் தனக்கும் ஆள்பவனுக்கும் மேலே ஒரு மூன்றாம் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறான். இன்றைக்கு நான் பேச வந்த விஷயமே அந்த மூன்றாம் இடம்தான்.

சித்திரவதையைவிட வேறொன்றுதான் குழுவை அதிகம் வருத்தியது. அடிபட்டவன் பரிகாரம் தேட எவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருந்தது என்பது. யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ரயத்து ஒருவனைத் தாசில்தாருடைய சேவகர்கள் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். அவன் போலீசில் சொல்லலாம். ஆனால் அந்தத் தாலுகாவின் போலீசுக்குத் தலைவர் தாசில்தார். மேலே போகலாம் என்றால், மாவட்டத்தின் மாஜிஸ்திரேட் கலெக்டர்தான். கிஸ்தி பாக்கி ஏன் என்று தாசில்தாரைக் குடைகிறவரும் அவரே. தாசில்தாரைப் பற்றித் தாசில்தாரிடமே சொல்ல வேண்டும். சென்னையில் இப்படி ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் தூரத்து ஜில்லாக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்தே வந்தார்கள். முறையீடுகள் ஆயிரத்தைத் தாண்டின.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயரை இங்கே அழைக்க வேண்டியிருக்கிறது. 1632-ல் பிறந்தவர், தொழிலால் வைத்தியர். அரசனுக்கு எதிரான கூட்டத்தோடு சேர்ந்தவர் என்ற சந்தேகத்தால் 1683-ல் ஹாலந்துக்கு ஓடினார். 1689-ல் திரும்பி, அரசாங்கத்தைப் பற்றிய இரண்டு கட்டுரைகளைப் பெயர் போடாமல் வெளியிட்டார். தாம்தான் எழுதினோம் என்பதை உயிலில்தான் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பயம்.

அவருடைய வாதத்தை நம் ஊர் வழக்கில் சொல்லிப் பார்க்கிறேன். அரசாங்கமே இல்லாத ஒரு நிலையைக் கற்பனை செய்யுங்கள். வரப்புத் தகராறு வருகிறது. யார் தீர்ப்பது? அவனவன் தன் வழக்குக்குத் தானே நீதிபதி. தன் பக்கம் சாயாமல் எவனாலும் இருக்க முடியாது. அதனால் சண்டை ஓயாது. ஆகவே எல்லோரும் சம்மதித்துப் பொதுவாக ஒரு தீர்ப்பு இடத்தை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். அரசாங்கம் அதற்காகத்தான், தெய்வம் கொடுத்த கிரீடத்துக்காக அல்ல. இதுவரைக்கும் சாதாரணம். அடுத்ததுதான் வெடி. எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் வைத்திருக்கிற அரசன் ஒருவன் உங்களுக்குத் தீங்கு செய்தால் எங்கே போவீர்கள்? அவனுக்கு மேலே ஒரு தீர்ப்பு இடம் கிடையாது. அப்படியானால் அவனுக்கும் உங்களுக்கும் இடையில் அரசாங்கம் என்ற ஒன்றே இன்னும் ஏற்படவில்லை என்றார் லாக். காட்டில் எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரில் ஒருவனிடம் மட்டும் சேனை இருக்கிறது. அவ்வளவுதான்.

சம்மதம், சொத்து, சட்டத்தின் ஆட்சி, அதிகாரப் பிரிவு என்று பாடப்புத்தகங்கள் அடுக்குகிற அத்தனையும் இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. முறையிட எங்கே போவது?

நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல என்று யாராவது சொல்வீர்கள். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைச் சொல்வீர்கள். (கண்ணகியையும் சொல்வீர்கள், சென்னை மேடையில் அவரைத் தொடாமல் நீதி பேச முடியாது, ஆனால் இன்று நேரமில்லை.) மாடு மணியை அடித்தது, அரசன் இறங்கி வந்தான், தன் மகனையே தேர்க்காலில் இட்டான். ஐகோர்ட்டு வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அரசாங்கம் மனு வாங்குகிற நாளுக்கும் மனுநீதி நாள் என்றே பெயர். பெரிய கதை, மறுக்கவில்லை. ஆனால் கதையைக் கவனியுங்கள். மணியைக் கட்டியவன் அரசன். கேட்டவன் அரசன். தீர்ப்பு சொன்னவனும் அரசன். அவன் உத்தமனாக இருந்ததால் கதை நடந்தது. அடுத்த ராஜா மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டால் மாடு என்ன செய்யும்? லாக் கவலைப்பட்டது அந்த அடுத்த ராஜாவைப் பற்றி.

தீவுத்திடலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற தாமஸ் மன்றோவின் கதையும் இதுவேதான். நல்ல ராஜாவுக்கு அவரைவிட உதாரணம் கிடையாது. ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள்; வெள்ளைக்காரக் கவர்னர்களில் வேறு யாருக்கு அந்த மரியாதை கிடைத்தது! கார்ன்வாலிஸ் வங்காளத்தில் 1793-ல் கொண்டுவந்த முறையை 1802 வாக்கில் சென்னைக்கும் நீட்டியிருந்தார்கள். வரி வாங்குகிறவன் கையில் நீதி இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தின் விக் கட்சிக்காரர்கள் லாக்கிடம் கற்ற பாடம். மன்றோவுக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஊர் ஜனங்களுக்கு ஒரே அதிகாரிதான் பழக்கம், கோர்ட்டுப் படி ஏறி இறங்கியே குடியானவன் அழிந்துபோவான், கலெக்டர் தகப்பனைப் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். 1816-ன் சட்டங்கள் மாஜிஸ்திரேட் வேலையையும் போலீசையும் கலெக்டரிடம் திருப்பிக் கொடுத்தன.

மன்றோ சொன்னதில் பாதி நிஜம். கோர்ட்டுக்குப் போய்ச் சொத்தை இழந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் 1827-ல் பத்திக்கொண்டாவில் காலராவில் அவர் இறந்தார். அவர் ஏற்படுத்திய நாற்காலி மட்டும் இருந்தது, அதில் வேறு வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து எலியட் குழு அந்த நாற்காலியின் கீழேதான் கிட்டியைக் கண்டெடுத்தது. அறிக்கையின் பலனாக 1859-ன் சட்டம் சென்னை மாகாணப் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனி இலாகாவாக்கியது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் சுதேசிச் சிப்பந்திகளின் வேலை என்று குழு எழுதிவிட்டது. வசூல் குறைந்தால் மேலே கேள்வி வரும் என்ற பயம் யாரிடமிருந்து இறங்கி வந்தது என்று அது கேட்கவில்லை. 1857-ல் நியூயார்க் பத்திரிகையொன்றில் இந்த அறிக்கையை எடுத்து எழுதிய கார்ல் மார்க்ஸ் கேட்டார்.

இந்த நேரத்தில் லண்டனில் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில். 1823-ல் பதினேழு வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1858 வரைக்கும் இந்தியாவுக்குப் போகிற கடிதங்களை வரைந்தவர். 1852-ல் நம் செட்டியார் கம்பெனிக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு மனு எழுதினார். 1858-ல் கம்பெனியைக் கலைக்காதீர்கள் என்று அதே பாராளுமன்றத்துக்குக் கம்பெனியின் சார்பில் மனு எழுதியவர் மில். மறுவருஷம் சுதந்திரத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது என்று அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒதுக்கிவிட்டார். அந்த ஒதுக்கலில் நாமும் அடக்கம். நூலை எழுதியவரைவிட மனுவை எழுதிய சென்னை வியாபாரிதான் அந்தக் கொள்கைக்கு விசுவாசமாக இருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் செட்டியாரின் மனுவிலும் ஓர் ஓட்டை உண்டு. லாக்கின் புத்தகத்திலிருந்தே அதைக் காட்டுகிறேன்.

சொத்து எப்படி வருகிறது? பூமி எல்லோருக்கும் பொது. ஒருவன் தன் உழைப்பை மண்ணோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்றார் லாக். கேட்க எவ்வளவு அழகு! உழுதவனுக்கே நிலம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அதே அத்தியாயத்தில் உதாரணம் சொல்லும்போது, என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் என்னுடைய சொத்துதான் என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார். வெட்டியவன் வேலைக்காரன், சொத்து எஜமானனுக்கு. இவர் ஆப்பிரிக்க அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த வேலைக்காரனை நமக்குத் தெரியும். அடையாறு ஆற்றைத் தாண்டினால் அன்று செங்கல்பட்டு ஜில்லா. திருவான்மியூர், வேளச்சேரி எல்லாம் சைதாப்பேட்டைத் தாலுகா. வயலும் ஏரியுமான ஊர்கள். உழுதவர்கள் சேரியில், பட்டா மிராசுதாரிடம். எலியட் குழுவிடம் ரயத்துக்குச் சொல்ல ஒரு புகார் இருந்தது. ரயத்தின் பண்ணையாளுக்கு அதுவும் இல்லை. குழுவை அமைத்தது வரி வசூலை விசாரிக்க, வரி கட்டாதவன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். தரிசு நிலம் வேண்டும் என்று பறையர் ஒருவர் தர்காஸ்து போட்டால், தமக்கே முன்னுரிமை என்று சொல்லி மிராசுதார் அதைத் தட்டிப் பறித்துவிடுகிறார். குடியிருக்கிற மனையும் மிராசுதாருடையது, எதிர்த்தால் வீடு போகும். 1892-ல் அரசு உத்தரவு வந்தது. பின்னால் பஞ்சமி நிலம் என்று பேர் பெற்ற ஒதுக்கீடு அதிலிருந்துதான். வேறு வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்று அதில் நிபந்தனை. சொத்துக்காரன் தன் சொத்தை விற்கிற சுதந்திரத்தைக் குறைத்தால்தான் சொத்து அவனிடம் தங்கும் என்ற நிலைமை. லாக்கை முழுமனதோடு நம்புகிறவர்கள் இந்த நிபந்தனைக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நிபந்தனை இருந்தும் எவ்வளவு கைமாறிப் போனது என்பது உங்களுக்கே தெரிந்த கதை.

மயிலாப்பூர் லிபரல்களைப் பற்றி அதிகம் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். சீனிவாச சாஸ்திரியாரையும் சிவசாமி ஐயரையும் நான் மதிக்கிறேன். லஸ்ஸில் ரானடே நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வரும். அரசியலமைப்பைப் பற்றி அவர்களைப் போல் கூர்மையாகப் பேசியவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் கேட்ட மூன்றாம் இடம் கவுன்சில் மண்டபத்தில் இருந்தது. கவர்னரின் கைக்கு எல்லை கேட்டார்கள், மிராசுதாரின் கைக்கு அவ்வளவு அழுத்தமாகக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? அதுதான் எனக்குப் பிடித்த கட்டம். அரசியலமைப்பு அமலுக்கு வந்த 1950-லேயே, அடிப்படை உரிமைகளைப் பற்றிய பெரிய வழக்குகள் வரிசையாகச் சென்னை ராஜ்யத்திலிருந்து கிளம்பின. ஏ.கே. கோபாலன் வழக்கு, ரொமேஷ் தாப்பர் வழக்கு, சண்பகம் துரைராஜன் வழக்கு, வி.ஜி. ராவ் வழக்கு. கோபாலனைக் காவலில் வைத்தது செல்லும் என்றுதான் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் காவலில் வைத்த காரணத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் வெட்டி எறிந்தது.

ராவ் வழக்கு அதைவிட நம் கதைக்கு நெருக்கம். பாரிஸ்டர் வி.ஜி. ராவ் சென்னைக்காரர், கம்யூனிஸ்ட். மக்கள் கல்விச் சங்கம் என்று ஒரு அமைப்பு. அதற்கு அவர் பொறுப்பாளர். 1950 மார்ச்சில் சென்னை அரசு அதைச் சட்டவிரோதச் சங்கம் என்று அறிவித்தது. ஏன்? அரசாங்கத்துக்கு அப்படி அபிப்பிராயம். மறுத்தால் எங்கே போவது? அரசாங்கமே அமைக்கிற ஆலோசனைக் குழுவிடம். கோர்ட்டுக்கு அதில் வேலையில்லை. தாசில்தாரைப் பற்றித் தாசில்தாரிடம், கதர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ராஜமன்னார் தலைமையிலான சென்னை ஐகோர்ட்டு அமர்வு உத்தரவை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1952 மார்ச் 31-ல், பதஞ்சலி சாஸ்திரி தலைமையில் சுப்ரீம் கோர்ட்டு ராவுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமையை வெறும் அபிப்பிராயத்தால் பறிக்க முடியாது, கோர்ட்டின் சோதனைக்கு வந்தாக வேண்டும் என்று. சொத்துரிமையை நம்பாத ஒரு கம்யூனிஸ்ட் லாக்கின் மையமான கருத்தை இந்தியச் சட்டத்தில் பதித்துவிட்டுப் போனார்.

பத்தே நாளில் ராஜாஜி முதலமைச்சர் ஆனார், கம்யூனிஸ்டுகள்தாம் தம் முதல் எதிரி என்று அறிவித்தபடி. 1938-ல் இந்தி எதிர்ப்பாளர்கள்மேல், காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளையர் வைத்திருந்த அதே குற்றச் சட்டத் திருத்தத்தைப் பாய்ச்சியவர் அவர். தாளமுத்துவும் நடராசனும் சிறைவாசத்தில் இறந்தார்கள். 1951-ல் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்க மத்திய உள்துறை அமைச்சராக வாதாடியவரும் அவரே. அந்த மனிதர்தான் 1959 ஜூனில், எண்பது வயதில், சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். சிவாஜி கணேசன் திரையில் கிஸ்தி கேட்டவனை வெளுத்துவாங்கிய படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! கட்சி 1962-ல் மக்களவையில் 18 இடமும் 1967-ல் 44 இடமும் பிடித்தது, அப்புறம் தேய்ந்தது.

தி.நகர் பஸ்லுல்லா ரோட்டு வீட்டிலிருந்து அந்தக் கிழவர் வாராவாரம் 'சுயராஜ்யா'வில் எழுதித் தள்ளினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்ற வசவு அவருடையது. பணக்காரர்களின் கட்சி என்று அதை ஒதுக்கினார்கள். மகாராஜாக்களையும் மில் முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டால் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் அவர் வசவுக்குள் இருந்த கேள்வி பழைய கேள்விதான். சிமெண்டுக்கு மனு போடுகிறவன் ஓர் அதிகாரி முன்னால் நிற்கிறான். இல்லை என்று அவர் சொன்னால் அதற்கு மேல் போக இடமில்லை. தாம் அதிகாரத்தில் இருந்தபோது எட்டாத இந்தக் கேள்வி, நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு அவருக்கு எட்டியது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எட்டியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. போன வருஷம் என் வீட்டு வரியை, இருக்கிற பரப்பைவிட அதிகமாக அளந்து போட்டிருந்தார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். குறை கேட்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். மரியாதையாக வாங்கினார்கள். முத்திரை குத்தி, நம்பர் கொடுத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மனுதாரரின் குறை நேரில் விசாரிக்கப்பட்டது, அளவு சரியாகவே உள்ளது, மனு முடித்துவைக்கப்பட்டது என்று. கீழே கையெழுத்தைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கையெழுத்தாக இருந்தது. உள்ளே போய்ப் பழைய வரி நோட்டீசை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதே ஆள்தான்.